மேட்டுப்பாளையம் – ஊட்டி ஓடும் டீசல் பிக்கப் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 9. இன்ஜெக்டர் மாற்ற வேண்டுமா?

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். கீழே காய்கறி இறக்கிவிட்டு உர மூட்டையோ மளிகையோ ஏற்றித் திரும்பும் வண்டி என்று நினைத்துச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டி 2,240. வண்டியும் சுமையும் சேர்ந்து 3 டன் என்றால், அதை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஏறக்குறைய 5 லிட்டர் டீசல் எரியும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது குறையாது. முன்பு காலியாக ஏறிய வண்டி இப்போது லோடோடு ஏறுகிறதென்றால் உங்கள் 3 கிலோமீட்டர் அங்கேயே போயிருக்கும். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, ஏறி இறங்கி, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். பெரிய சைஸ் டயர் மாட்டியிருந்தால் ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துத்தான் காட்டும்.

அதற்குப் பிறகும் குறைகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது, இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு. ஏற்றத்தில் இன்ஜின் சூடாகிறது என்று போய் நின்றால், சில பட்டறைகளில் இந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு "இனி சூடாகாதுண்ணா" என்று அனுப்பிவிடுகிறார்கள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. அது 80 டிகிரியைத் தாண்டித் திறக்க வேண்டிய வால்வு. அது இல்லாவிட்டால் ஊட்டிக் குளிரில் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே வராது. இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது என்று ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் டீசலை விட்டுக்கொண்டே இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஃபேனில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் சில்லென்று இருந்து பிறகு சட்டென்று சூடேறினால் வால்வு நன்றாக இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தால் வால்வே இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. "வால்வு போட்டால் ஹெட் கேஸ்கட் போய்விடும்" என்று சிலர் இங்கே சண்டைக்கு வரலாம். இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் சீலாக இருக்கும் அந்தக் கேஸ்கட்டுக்கு எமன் அடைத்த ரேடியேட்டரும், சூடேறியும் வேகம் பிடிக்காத விஸ்கஸ் ஃபேனும், கூலன்ட்டுக்குப் பதில் ஊற்றிய வெறும் தண்ணீரும்தான். ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியை இந்த வால்வே மூடுகிற இன்ஜினில் அதை எடுத்தால், சுடுதண்ணீரில் ஒரு பகுதி உள்ளேயே சுற்றி, ஏற்றத்தில் இன்னும் அதிகமாகச் சூடாகும்.

அடுத்தது, பிரேக் பிடித்தபடியே ஓடுவது. மழையிலும் மூடுபனியிலும் ஹேண்ட்பிரேக் இழுத்தே ராத்திரியெல்லாம் நிறுத்தினால் கேபிள் துருவேறி முழுதாக விடாது. முன் வீல்களில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) இறுகிப்போகும். சமதரையில் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஜாக்கி ஏற்றி ஒவ்வொரு வீலாகக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் பரவாயில்லை, இறுக்கம் கூடாது. காலிப்பர் பின்னைக் கழற்றித் துடைத்து பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். துருவேறிய கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கிளட்ச்: மூன்றாவது கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஹேர்பின் வளைவில் பாதி கிளட்சில் நிற்பதால்தான் இது சீக்கிரம் தேய்கிறது. அந்தக் குற்றம் முழுவதும் டிரைவருடையதல்ல. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சீசனில் வரும் கார்களில் எத்தனை பேர் அதை மதிக்கிறார்கள்? வளைவின் நடுவில் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டு, லோடு வண்டியைப் பின்னால் போகச் சொல்கிறார்கள்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடவே விடாதீர்கள். கியரில் வைத்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், காமன் ரெயில் இன்ஜினில் (கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் இன்றைய டீசல் இன்ஜின்) டீசல் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலுக்கு எரியும், பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ஏர் ஃபில்டரையும், டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்குமுன்பும் பாருங்கள். கரும்புகையோடு இழுவையும் குறைந்தால், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப்பில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். கசிந்தால் காற்றும் அங்கேதான் போகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டர். அப்போதும் நான்கையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள்: ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓடவிட வேண்டும். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அதன் இன்ஜெக்டரை மட்டும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் (சோதிக்கும் மெஷினில்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.