கேட்டவர்களின் போட்டி

அன்புள்ள ஐயா,

போன மாதம் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தோம். இரவு மண்டபத்தில் பாட்டுக்குப் பாட்டு விளையாடினோம். கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் போனில் தேடிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள், ஆட்டம் கலைந்துவிட்டது. சின்ன வயதில் சன் டிவியில் அப்துல் ஹமீது நடத்திய ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ வரும் நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் வெளியே போகமாட்டோம். அப்பா ஈசிசேரில் சாய்ந்துகொண்டு, போட்டியாளரை முந்திக்கொண்டு பாடுவார். அவருக்கு நல்ல குரல். தெருவில் போகிறவர்கள்கூட நின்று கேட்பார்கள். டி.எம்.எஸ். பாட்டு என்றால் இன்னும் எடுப்பாக இருக்கும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே ஒன்றிரண்டு வரி எடுத்துக்கொடுப்பார். அந்தக் காலத்தின் நிம்மதி எங்கே போயிற்று? இன்றைய பாடல்களில் வரிகள் மனதில் நிற்காததும் ஒரு காரணமா? அப்படி ஒரு நிகழ்ச்சி இனிமேல் சாத்தியமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அதுதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்றைய பாடல்களில் வரி நிற்பதில்லை என்பதை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் காலத்துப் பாட்டு நூறாவது மனப்பாடமாக இருக்கும். நீங்கள் கேட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். போனை அன்றைக்கு ஒரு பையில் போட்டு வைத்திருந்தால் ஆட்டம் நடந்திருக்கும். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் ‘அந்தக் காலத்தின் நிம்மதி’ என்று எழுதியதை அப்படி விட முடியாது. யாருடைய நிம்மதி? நீங்கள் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்த அதே தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, பேட்டரி கொண்டுபோகவும் தடை. சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டுக் கேட்டார்கள். நீங்கள் கொண்டாடும் அந்த அறிவிப்பாளர் அந்த நாட்டிலிருந்துதான் வந்தார். இலங்கை வானொலியில் வளர்ந்த நிகழ்ச்சி அது, சன் டிவிக்குப் பிறகுதான் வந்தது. உங்களுக்கு அது நிம்மதியான காலமாக இருந்தால், உங்கள் வீட்டின் நிம்மதி என்று எழுதுங்கள். ஒரு காலத்துக்கே அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

சரி, நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். இப்போது டிவியில் வருகிற பாட்டுப் போட்டிகள் அநேகமாக எல்லாமே நல்ல குரலைத் தேடுகின்றன. சுருதி, தாளம், கமகம் பார்க்க நடுவர்கள் இருக்கிறார்கள். ஏ.வி.ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ அன்றைக்கே அந்த வகைதான். நல்ல நிகழ்ச்சி, எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு வேறு சாதி. ஒரு எழுத்து கொடுப்பார்கள், கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை எடுக்க வேண்டும். குரல் கரகரத்தாலும் ஆட்டத்தில் இருக்கலாம். எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் சொல் மாறினால் போச்சு. அது பாடுகிறவர்களின் போட்டியே இல்லை, கேட்கிறவர்களின் போட்டி. வருஷக்கணக்காகக் காது கொடுத்தவர்களுக்கு மேடையும் மைக்கும் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சினிமாப் பாட்டைக் காப்பாற்றியதே கேட்டவர்கள்தான். 1952இல் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்பது அவர் எண்ணம், ஆல் இந்தியா ரேடியோவில் அது ஒடுங்கிப்போனது. ஜனங்கள் மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை, ரேடியோ முள்ளைக் கொழும்புக்கு, அதாவது இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அதே ஆண்டில்தான் அங்கே அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி இந்தியில் தொடங்கியது. தமிழ்ப் பாட்டுக்கும் தெற்கே பாதி வீடுகளில் கொழும்புதான். கடைசியில் 1957இல் சினிமாப் பாட்டு போடுகிற விவித் பாரதி வானொலியைத் தொடங்கி டெல்லியே இறங்கி வந்தது. முள்ளைத் திருப்பியே ஒரு அமைச்சரைத் தோற்கடித்த அந்த ஜனங்களுக்குப் பெயர் கிடையாது, படம் கிடையாது. பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் சிலை வைக்கிறோம், விருது கொடுக்கிறோம். கேட்டவருக்கு என்ன கொடுத்தோம்?

என் அத்தை முக்கூடலில் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் பலரையும்போல அவளும் பீடி சுற்றினாள். மடியில் சுளவு, அதில் வெட்டிய இலையும் தூளும், பக்கத்தில் ரேடியோ. கைக்கு வேலை இருந்தது, காது சும்மாதான் இருந்தது. மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கை வானொலி எங்கள் பக்கம் தெளிவாக விழும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை பாட்டு. அப்படி எத்தனை வருஷம்! பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. குரல் தகர டப்பா மாதிரி இருக்கும். கோயில் கொடையில்கூட வாயைத் திறக்கமாட்டாள்.

பாட்டுக்குப் பாட்டு வரும்போது மட்டும் அவள் வேறு ஆள். ஒருமுறை ‘ஞா’ கொடுத்தார்கள். ‘காக்கும் கரங்கள்’ படத்தில் வருகிற ‘ஞாயிறு என்பது கண்ணாக’ என்று மாமா சொல்லிவிட்டு எங்களைப் பெருமையாகப் பார்த்தார். அத்தை நூலைக் கட்டிக்கொண்டே, “அது எல்லாவனுக்கும் தெரியும்லா. ‘அந்தரங்கம்’ படத்துல கமல் பாடுனது ஒண்ணு இருக்கே” என்று ‘ஞாயிறு ஒளிமழையில்’ எடுத்தாள். பல்லவியோடு நிற்கவில்லை, சரணமும் போனாள். தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்லுக்குச் சொல் வந்தது. கமல் சினிமாவில் பாடுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுடைய சுளவில் இலை நகர்ந்துகொண்டே இருந்தது. ரேடியோவில் போட்டியாளர் திணறினால், “இது தெரியலியால அவனுக்கு?” என்று உண்மையாகவே வருத்தப்படுவாள்.

அவளுக்கு ஆயிரக்கணக்கில் பாட்டு தெரியும் என்பதை அந்த வீட்டில் யாரும் ஒரு தகுதியாக எண்ணியதில்லை. மாமாவுக்கு ஒரு பத்துப் பாட்டு தெரியும், ஆனால் குரல் இருந்தது. அதனால் ஊரில் அவருக்குத்தான் ‘பாட்டுக்காரர்’ என்று பெயர். அத்தை போய்ச் சேர்ந்தபோது துஷ்டி வீட்டில் நல்ல மனுஷி, உழைப்பாளி, கைப்பக்குவம் என்று எல்லாம் சொன்னார்கள். பாட்டைப் பற்றி ஒருவர் பேசவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். அப்பாவின் ஈசிசேர், அப்பாவின் குரல், தெருவில் நின்று கேட்டவர்கள், டி.எம்.எஸ். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. ‘ஒன்றிரண்டு வரி எடுத்துக்கொடுப்பார்.’ எடுத்துக்கொடுத்தார் என்றால் என்ன அர்த்தம்? ஹாலில் இருந்தவருக்குத் தெரியாதது அடுப்படியில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. டிவி முன்னால் உட்காரக்கூட நேரமில்லாமல், தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது அவரை ஹாலுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்களா? கல்யாண மண்டபத்தில் அவர் ஆட்டத்தில் இருந்தாரா, இல்லை பந்தி பார்க்கப் போய்விட்டாரா? அதையும் நீங்கள் எழுதவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் வருத்தம் என்றால் எழுதாமலே விட்டிருப்பேன். அம்மா இருக்கிறார் என்றே நம்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலை நீங்கள் பாருங்கள், அல்லது கடையில் வாங்குங்கள். அவரை உட்கார வைத்து ஒரு எழுத்தைக் கொடுங்கள். முதலில் கூச்சப்படுவார், ‘எனக்கென்ன தெரியும்’ என்பார். அப்பா குறுக்கே பாட வந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ‘க’, ‘ம’ எல்லாம் லேசு, போகப்போக ‘ஐ’யும் ‘ஞா’வும் கொடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர்கள் பாட்டும் வரட்டும். அம்மா எந்தெந்தப் பாட்டை எடுத்தார் என்று ஒரு நோட்டில் குறித்து எனக்கு அனுப்புங்கள். டிவியில் அப்படி ஒரு நிகழ்ச்சி மறுபடி வருமா என்பதை அதன் பிறகு பேசலாம்.