ஊகித்துப் படிக்கும் பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருப்பதாக மதிப்பீட்டில் சொன்னார்கள். வாரம் மூன்று நாள் வாசிப்புப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். மாதங்கள் ஓடியும் ஆசிரியை பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. ஒன்றாம் வகுப்புச் சொற்களையே படிக்க வைக்கிறார். காலம் வீணாகிறதே, ஆசிரியையை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள் அம்மா. பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் உங்கள் மகன் படிப்பான் என்றா நினைக்கிறீர்கள்? ஊகிப்பான். முதல் எழுத்தைப் பார்ப்பான், படத்தைப் பார்ப்பான், உங்கள் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏதோ ஒரு சொல்லைச் சொல்வான். என்னிடம் வரும் ஒரு சிறுமி, 'குதிரை' என்று இருந்த இடத்தில் தயக்கமே இல்லாமல் 'குழந்தை' என்று படித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, இத்தனை நாள் இப்படித்தான் சமாளித்திருக்கிறாள். படமில்லாத பக்கங்கள் தொடங்கியதும் அந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை.

ஊகத்தை நிறுத்துவதுதான் இந்தப் பயிற்சியின் முதல் வேலை. நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் வகுத்த வழி இன்றுவரை இதற்கு அடிப்படையாக இருக்கிறது. ஒலி, எழுத்து, சொல், வாக்கியம் என்று வரிசையாக ஏற வேண்டும். கற்றுத் தராத எழுத்து உள்ள சொல்லைப் படிக்கக் கொடுக்கக் கூடாது. நேற்றைய பாடத்தை இன்றும் தொட்டுவிட்டுத்தான் புதியதற்குப் போக வேண்டும். பாடப்புத்தகம் இந்த விதிகளில் ஒன்றையும் மதிக்காது. ஆசிரியை அதை ஒதுக்கி வைத்திருப்பது அதனால்தான்.

'கொடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ 'க்'. போதாக்குறைக்கு, ஓர் உயிரொலியின் குறி எழுத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் உறைப்பதில்லை. நான் துணைக்காலை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்வேன்: 'கெடு'. விரலை எடுப்பேன்: 'கொடு'. மறுபடி மறைப்பேன். ஒரு கோட்டில் பொருளே தலைகீழாகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். அதன்பிறகு எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். 'கெ' உறுதியாகாமல் 'கொ'வுக்குப் போனால் இந்த விளையாட்டு நடக்காது. சில நாள் 'மெடு', 'நொலு' என்று பொருளே இல்லாத சொற்களையும் எழுதித் தருவேன். ஊகிக்க வழியே இருக்காது அல்லவா?

ஆசிரியையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இதுவரை எவையெல்லாம் உறுதியாயின, அடுத்தது என்ன? எழுதி வைத்த வரிசையைக் காட்டினால் நிம்மதியாக இருங்கள். 'போகப்போகச் சரியாகிவிடும்' என்ற பதில் வந்தால் வேறு ஆளைத் தேடலாம். இன்னொன்று, முதலில் பிழை குறையும்; வேகம் பிறகுதான் வரும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காராதீர்கள்.

கேள்வி: நிறக் கண்ணாடி போட்டால் எழுத்துகள் தெளிவாகும் என்கிறார்களே?

பதில்: விற்பவர்கள் சொல்வார்கள். டிஸ்லெக்சியா கண்ணில் இல்லை. சொல்லின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் பெரும்பாலோருக்குச் சிக்கல். பார்வைக் குறை இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அது தனி விஷயம். நிறக் கண்ணாடிக்கு வைத்திருக்கும் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் நான் எப்படி உதவுவது? தினமும் படிக்க உட்கார்ந்தால் சண்டையில்தான் முடிகிறது.

பதில்: வீட்டை இன்னொரு வகுப்பாக்கினால் சண்டைதான் வரும். பயிற்சியில் படித்த அதே பக்கத்தைப் பத்து நிமிடம் படிக்கட்டும், போதும். தடுமாறினால் 'நன்றாக யோசி' என்று சொல்லாதீர்கள்; யோசித்தால் ஊகம்தான் வரும். தடுக்கிய எழுத்தின் மேல் விரலை வைத்து ஒலியைக் கேளுங்கள். வரவில்லையா, நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். வரலாறும் அறிவியலும் காதால் கேட்டுக் கற்கட்டும். நீங்கள் வாசித்துக் காட்டுவது ஏமாற்று வேலை ஆகாது. வாசிப்பு பின்தங்கியதற்காக அறிவையும் பட்டினி போட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. காலம் கடந்துவிட்டதா?

பதில்: இல்லை. பெரியவர்களே இந்த முறையில் கற்கிறார்கள். ஆனால் பொம்மைப் படம் போட்ட புத்தகத்தை அவள் முன்னால் வைத்துவிடாதீர்கள், மறுநாள் வரமாட்டாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் நீண்ட சொற்களை உடைக்கக் கற்றுத் தருகிறேன். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதைக் கண்டதும் மிரள்வார்கள். பென்சிலால் கோடு போடச் சொல்வேன்: வந்து / கொண்டிருந்த / வர்களுக்கு. கடைசித் துண்டை மட்டும் தனியே பழக்கினால் 'மாணவர்களுக்கு', 'பெரியவர்களுக்கு', 'உறவினர்களுக்கு' எல்லாவற்றிலும் அதன் வால் அடையாளம் தெரிந்துவிடும். அவள் விரும்பிப் பார்க்கும் விளையாட்டுச் செய்தியிலேயே இதைத் தொடங்கலாம். தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பள்ளியில் இப்போதே விசாரித்துவிடுங்கள். மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்பார்கள், எடுத்து வையுங்கள்.