முழங்கால் முறிவுக்குப் பிளேட்: கேள்வி பதில்

முழங்காலைச் சுற்றிய எலும்பு முறிவுகளுக்குப் பிளேட் (ஸ்க்ரூக்களால் எலும்போடு பிணைக்கும் உலோகத் தகடு) பொருத்துவது குறித்து வந்த கேள்விகளுக்கு, எலும்பு அறுவை மருத்துவராக என் பதில்கள் இவை.

கேள்வி: தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்முனை நொறுங்கிவிட்டது. வெளியே கம்பி பொருத்தி ஐந்து நாளாகக் காத்திருக்கச் சொல்கிறார்கள். தாமதம் ஆபத்தில்லையா?

அவசரம்தான் இங்கே ஆபத்து. அந்த இடத்தில் எலும்பின் மேல் தசைப்போர்வை குறைவு. வீங்கிப் பளபளக்கும் தோலைக் கீறினால், தையல் பிரிந்து கிருமி பிளேட் வரை இறங்கிவிடும். வெளிக்கம்பி எலும்பின் நீளத்தைக் காத்துக்கொண்டிருக்க, நாங்கள் தோலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கொப்புளங்கள் வற்றி, தோலில் மெல்லிய சுருக்கங்கள் திரும்பத் தெரியும் நாள்தான் அறுவைக்கு உகந்த நாள். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். ஆனால் வலி மருந்துக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, கால்விரலை வேறொருவர் அசைக்கும்போது கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி எடுத்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். தசை அறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நிற்பதன் அறிகுறி அது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு அதே இடத்தில் பிளேட் வைத்து ஆறு வாரம் ஆகிறது. இரும்புதானே தாங்குகிறது, நடக்க ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

மடக்குவது வேறு, ஊன்றுவது வேறு. முழங்காலை முதல் வாரத்திலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். அசையாத மூட்டு இறுகிப்போகும். 1958இல் சுவிட்சர்லாந்தில் எலும்பு முறிவு அறுவை மருத்துவர்கள் தொடங்கிய ஏ.ஓ. குழு வகுத்த அடிப்படைக் கொள்கைகளில், விரைவில் அசைப்பதும் ஒன்று. ஊன்றுவது அப்படியன்று. உள்ளே அமுங்கிப்போன மூட்டுப் பரப்பை நிமிர்த்தி, அடியில் எலும்புத்தூளோ மாற்றுப்பொருளோ நிரப்பி, ஸ்க்ரூக்களால் தாங்க வைத்திருக்கிறோம். எலும்பு சேருமுன் உடல் எடை விழுந்தால் அந்தப் பரப்பு மறுபடி அமுங்கும். அதன்பின் தேய்மானம் விரைவில் வரும். இவ்வகை முறிவுகளில் முழு எடை ஊன்றப் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். எக்ஸ்ரே பார்த்துத்தான் நாள் சொல்ல முடியும். இன்னொன்று: சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் மடங்கியபடியே நின்றுவிடும். உயர்த்த வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியாது. எனக்குத் தொடை எலும்பின் கீழ்முனை முறிந்து, நான்காம் வாரமே நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

உங்களுக்கு நலமானதில் மகிழ்ச்சி. தொடை எலும்பின் கீழ்முனை முறிவில், குறிப்பாக முதியவர்களுக்கு, சில மருத்துவர்கள் முன்னதாகவே ஊன்ற அனுமதிக்கிறார்கள். முறிவின் வகையையும் அந்த மருத்துவர்கள் பொருத்திய அமைப்பின் உறுதியையும் பார்த்து எடுக்கும் முடிவு அது. அடுத்தவர் மூட்டுக்குப் பொருந்தாது.

கேள்வி: (அதே நண்பர்) சீக்கிரம் நடந்தால் பிளேட் உடையும் என்று மருத்துவர்கள் சொல்வது பயமுறுத்தல்தானே?

உடைந்த பிளேட்டை நானே எடுத்திருக்கிறேன். முறிவுக்கு நேர்மேலே, ஸ்க்ரூ போடாத ஒரு துளையின் குறுக்கே அது இரண்டாகியிருந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் முறிவதைப் போல, ஒவ்வோர் அடிக்கும் பிளேட் நுண்ணளவில் வளைகிறது. எலும்பு சேர்வதற்கும் உலோகம் களைப்பதற்கும் இடையே நடக்கும் ஓட்டப் பந்தயம் இது. எலும்பு முந்திக்கொண்டால் பிளேட்டின் சுமை குறையும். பிந்தினால், எவ்வளவு தடித்த பிளேட்டும் ஒருநாள் தோற்கும். புகைப்பவர்களுக்கும் கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர்களுக்கும் எலும்பு தாமதமாகவே சேரும். ஆகவே புகையை இன்றே விடுங்கள்.

கேள்வி: டைட்டானியமா, ஸ்டீலா?

இரண்டிலும் நல்ல பலன் கிடைக்கிறது. மூட்டுப் பரப்பு எவ்வளவு சமமாகச் சேர்ந்தது என்பதே முக்கியம்.

கேள்வி: ஷாட்ஸ்கர் ஆறாம் வகை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பிளேட் போதுமா?

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்முனை முறிவுகளை எலும்பு மருத்துவர் ஷாட்ஸ்கர் 1979இல் ஆறு வகைகளாக வகுத்தார். அவற்றில் ஆறாவது, மூட்டுப் பகுதி எலும்புத் தண்டிலிருந்தே பிரிந்துவிடும் முறிவு. உட்புறமும் நொறுங்கியிருந்தால் வெளிப்புறப் பிளேட் மட்டும் போதாமல் கால் உள்நோக்கிச் சாயலாம். அப்போது உட்புறத்தில் இரண்டாவது பிளேட் தேவை. சி.டி. ஸ்கேன் பார்க்காமல் இதை முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: முழங்கால் சில்லு உடைந்தால்?

அதற்குப் பெரும்பாலும் கம்பிக்கட்டு; பிளேட் சில வகைகளுக்கே. தனியாகப் பேச வேண்டிய பொருள்.

கேள்வி: அப்பாவுக்கு ஏழாம் வாரம். நடக்கலாமா?

இரண்டாம் கேள்விக்கான பதிலைத் தயவுசெய்து படியுங்கள். தேதியைக் கேட்காதீர்கள், எக்ஸ்ரேயைக் கேளுங்கள்.

கேள்வி: பிளேட்டை எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. உறுத்தல், வலி, கிருமித்தொற்று இருந்தால் எடுப்போம். தொந்தரவு உறுத்தல் மட்டும் என்றால், எலும்பு முழுதாகச் சேரும் வரை, வழக்கமாக ஓராண்டுக்கு மேல், பொறுப்போம். எடுத்தபின் ஸ்க்ரூத் துளைகள் ஆறும் வரை ஓட்டமும் குதிப்பும் கூடாது.

கேள்வி: இரண்டு மாதமாகியும் அறுபது பாகைக்கு மேல் மடங்கவில்லை. காலும் முழுதாக நீளவில்லை. வலிக்காமல் இருக்க முழங்காலைத் தலையணை மேல் வைத்திருக்கிறேன்.

அந்தத் தலையணையை இப்போதே எடுத்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து இயல்பாக எழத் தொண்ணூறு பாகையாவது மடங்க வேண்டும். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, பிசியோதெரபியை நாள்தோறும் தொடருங்கள். தழும்புத் திசு முற்றிவிட்டால் பயிற்சி மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுத்து மடக்கவோ, ஒட்டிய திசுக்களை அறுவையால் விடுவிக்கவோ வேண்டியிருக்கும்.