வெளிநாட்டில் சம்பளம் அப்படியே இருக்கிறது, விலைவாசி மட்டும் ஏறுகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: வெளிநாட்டில் வேலை, கொஞ்ச காலமாகச் சம்பளம் பெரிதாக ஏறவில்லை, வாடகையும் மளிகையும் ஏறிவிட்டன, வீட்டுக்கு அனுப்புவதைக் குறைக்க மனம் வரவில்லை. கிட்டத்தட்ட என் நிலைமையும் இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

வெளியே காபி குடிக்காதீர்கள், சந்தாக்களை நிறுத்துங்கள், தள்ளுபடி நாளில் வாங்குங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். தப்பில்லை, செய்யலாம். ஆனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. வெளிநாட்டில் இருப்பவரின் சம்பளத்தைத் தின்பது நாலே விஷயம்: வாடகை, பிள்ளைகள் இருந்தால் பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் டிக்கெட், வீட்டுக்கு அனுப்பும் பணம். வருடம் முழுக்கக் காபியை விட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற அன்றைக்கே போய்விடும். அதனால் இந்த நாலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதற்கு முன், செய்தியில் சொல்கிற பணவீக்க எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிரிட்டனில் 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம், 2024 மே மாதம் 2 சதவீதம். தலைப்பை மட்டும் படித்தால் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். உண்மையில் பெரும்பாலான விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்தது. அமெரிக்காவிலும் அப்படித்தான், 2022 ஜூனில் 9.1 வரை போய்விட்டு இறங்கியது, ஆனால் அந்த ஏற்றம் விலைகளில் அப்படியே தங்கிவிட்டது. உங்கள் சம்பளம் அந்த இடைவெளியில் ஏறவில்லை என்றால், பணவீக்கம் குறைந்துவிட்டது என்ற செய்தியால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

இன்னொன்று, வெளிநாட்டவருக்கான விலைவாசி உள்ளூர்க்காரருடையதைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே ஏறும். அரசு கணக்கில் வாடகை என்பது எல்லா வாடகைதாரர்களும் கொடுப்பதன் சராசரி. அதில் பல வருடமாக ஒரே வீட்டில் பழைய வாடகையில் இருப்பவர்களும் அடக்கம். நாமோ புதிதாக வந்தவர்கள், அல்லது வேலை மாறினால் வீடும் மாறுகிறவர்கள், அதனால் எப்போதும் அன்றைய சந்தை வாடகையில்தான் நுழைகிறோம். உள்ளூர்க்காரருக்குச் சொந்த வீடு இருக்கும், பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இருக்கும், விலை ஏறினால் அரசு தரும் மானியமோ உதவித்தொகையோ இருக்கும். பல நாடுகளில் இவற்றில் பாதி நமக்குக் கிடையாது. ஆகவே அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அதே சம்பளத்தில் நிம்மதியாக இருக்கிறாரே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், அவருடைய கணக்கே வேறு.

சரி, உங்கள் கணக்கை எப்படிப் போடுவது? இந்த மாத வங்கிக் கணக்கையும் போன வருடம் இதே மாதத்துக் கணக்கையும் எடுத்து வைத்து, இரண்டிலும் இருக்கும் செலவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். புதிதாகச் சேர்ந்த செலவு விலையேற்றத்தில் சேராது, அது நீங்களாகச் சேர்த்தது. உதாரணத்துக்கு, உங்கள் சொந்த விலையேற்றம் 8 சதவீதம், சம்பள உயர்வு 3 சதவீதம் என்று வந்தால், உங்கள் சம்பளத்தின் வாங்கும் சக்தி சுமார் 4.6 சதவீதம் குறைந்திருக்கிறது. இந்த ஒற்றை எண் கையில் இருந்தால் பின்னால் சம்பளப் பேச்சுக்கும் உதவும்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம். நம் கரன்சி விழ விழ, சம்பளம் ஏறிய மாதிரி ஒரு சந்தோஷம் வரும். மாற்று விகிதம் பார்க்கும் செயலியைத் தினமும் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! அந்தச் சந்தோஷம் பெரும்பாலும் காற்றுதான்.

கணக்காகப் பார்ப்போம். ஊரில் பணவீக்கம் 6 சதவீதம், நீங்கள் இருக்கும் நாட்டில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலத்தில் ஊர்க் கரன்சி ஏறக்குறைய அந்த வித்தியாசம், அதாவது வருடத்துக்கு 4 சதவீதம் போல, விழும் என்பதுதான் பொருளாதாரப் பாடம் (ஒவ்வொரு வருடமும் அப்படி நடக்காது, சில வருடம் தலைகீழாகக்கூடப் போகும்). நீங்கள் மாதம் 1000 டாலர் அனுப்புகிறீர்கள். அடுத்த வருடம் அதே 1000 ஊரில் 4 சதவீதம் அதிகப் பணமாகப் போய்ச் சேரும், ஆனால் அங்கே விலை 6 சதவீதம் ஏறியிருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு உண்மையில் 2 சதவீதம் நஷ்டம். உங்களுக்கோ கூடுதலாக அனுப்பிவிட்ட மாதிரி தோன்றும், அவர்களுக்கோ போதவில்லை, இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. பல குடும்பங்களில் வரும் மனஸ்தாபத்துக்கு இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன்.

வேறு சிலர் ஊர்ப் பணத்தில் ஒரு தொகையை முடிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் அதையே அனுப்புவார்கள். இதில் அனுப்புகிறவருக்கு வருடாவருடம் சுமை 4 சதவீதம் குறைகிறது, வாங்குகிறவருக்கு முழு 6 சதவீதமும் அடி. இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சரியாகப்படுவது, தொகையை விட்டுவிட்டு, கைக்கு வரும் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்துக்கொள்வது. சம்பளம் ஏறினால் அதுவும் ஏறும், ஏறாத வருடம் ஏன் ஏறவில்லை என்று சொல்லவும் சுலபம்.

ஊர் திரும்புவதற்கான இலக்கிலும் இதே ஓட்டை இருக்கிறது. கிளம்பும்போது எல்லோரும் ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறோம், அவ்வளவு சேர்ந்ததும் திரும்பிவிடலாம் என்று. 72ஐப் பணவீக்கத்தால் வகுத்தால் விலை இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று தோராயமாக வரும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். அப்போது குறித்த தொகை கையில் வந்து சேரும்போது அதன் மதிப்பு பாதி. அதனால்தான் தொகை சேர்ந்த பிறகும் இன்னும் இரண்டு வருடம், இன்னும் இரண்டு வருடம் என்று பலருக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. அதைப் பேராசை என்று சொல்வது அநியாயம்.

எந்தக் கரன்சியில் சம்பளம் என்பதையும் பாருங்கள். சவுதி ரியால் 1986லிருந்து டாலருக்கு 3.75, எமிரேட்ஸ் திர்ஹாம் 1997லிருந்து 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே சம்பாதிப்பவர் நடைமுறையில் டாலரில் சம்பாதிக்கிறார், உள்ளூர் வாடகை ஏறுவதுதான் அவருக்குத் தலைவலி. எல்லா இடமும் அப்படியில்லை. எகிப்து 2024 மார்ச்சில் தன் பவுண்டை மிதக்கவிட்டபோது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டபோது, ஒரு டாலருக்கு 31 பவுண்டுக்குள் இருந்தது ஒரே நாளில் 50ஐ நெருங்கியது. உள்ளூர் பவுண்டில் சம்பளம் வாங்கிய வெளிநாட்டவருக்கு, டாலர் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்றைக்கே காணாமல் போனது. இப்படிப்பட்ட நாட்டுக்குப் போகிறவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது டாலரிலோ யூரோவிலோ தரும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் நடக்காது.

பணம் அனுப்பும் செலவு. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரியில் 6 சதவீதத்துக்கு மேல் ஆகிறது என்பது உலக வங்கியின் கணக்கு. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐநா இலக்கு வைத்திருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்கிறவர்கள் மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள், 2 சதவீதம் குறைவான விகிதம் என்றால் 1000க்கு 20 போயிற்று. இணையத்தில் தெரியும் சந்தை விகிதத்தைப் பாருங்கள், பிறகு கடைசியில் வீட்டுக்கணக்கில் எவ்வளவு விழும் என்பதை மட்டும் இரண்டு மூன்று சேவைகளில் ஒப்பிடுங்கள். கட்டணம் எத்தனை, விகிதம் எத்தனை என்று தனித்தனியாகப் பார்க்கவே வேண்டாம். விகிதம் இன்னும் ஏறும் என்று காத்திருந்து அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது, அது ஒரு சூதாட்டம், அதுவும் வீட்டுச் செலவுப் பணத்தை வைத்து. அப்புறம், ஊருக்குப் போயிருக்கும்போது கார்டு இயந்திரம் எந்தக் கரன்சியில் கழிக்கட்டும் என்று கேட்டால், நிற்கிற நாட்டுக் கரன்சியையே அழுத்துங்கள், மற்றதில் விகிதம் மோசமாக இருக்கும்.

வாடகைக்கு என் யோசனை ஒன்றுதான், ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்குவது. கடைசி வாரத்தில் பேசினால் உங்களுக்கு வேறு வழியில்லை என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அதே கட்டடத்தில், அதே தெருவில் காலியாக இருக்கும் வீடுகளின் விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். வாடகை உயர்வுக்குச் சட்டப்படி உச்சவரம்பு இருக்கிற ஊர்கள் நிறைய, வெளிநாட்டவர் பலருக்கு அது தெரிவதில்லை, நகராட்சியின் தளத்தில் போய்ப் பாருங்கள். நேரத்துக்கு வாடகை கொடுத்து, வீட்டை நன்றாக வைத்திருக்கும் குடித்தனக்காரரை இழக்க வீட்டுக்காரருக்கும் மனமிருக்காது. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே அவருக்கு வருட வாடகையில் எட்டு சதவீதம் போகிறது. வீடு மாறுவதென்றால் முன்பணம், தரகுக் கட்டணம், சாமான் ஏற்றும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, மிச்சமாகும் வாடகையால் வகுத்துப் பாருங்கள். அந்தச் செலவு ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால் நான் வீடு மாறமாட்டேன்.

சம்பளப் பேச்சில், விலைவாசி ஏறிவிட்டது என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். உங்கள் எண்ணைச் சொல்லுங்கள், உங்களுக்குப் பதிலாக இன்றைக்குப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் நிறுவனத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளத்தை ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள்கூட டிக்கெட், வாடகைப்படி, பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று கேட்டால் இறங்கி வரும், ஏனென்றால் அது வேறு தலைப்பில் போகும் செலவு. வேலைக்காக அனுப்பப்படுகிறவர்களுக்கு எந்த நகரம் விலை கூடியது என்று மெர்சர் நிறுவனம் நியூயார்க்கை அடிப்படையாக வைத்துப் பட்டியல் போடுகிறது. உங்கள் நகரம் மேலே ஏறியிருந்தால் அதையும் காட்டலாம், எச்ஆருக்கு அந்தப் பட்டியல் தெரியும்.

கடன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்க் கரன்சியில் நிலையான வட்டியில் கடன் இருந்தால் அவசரப்பட்டு அடைக்க வேண்டாம், கரன்சி விழும்போது உங்கள் கணக்கில் அந்தக் கடனும் சேர்ந்து கரைகிறது. மாறும் வட்டிக் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் அப்படியில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது, மாறும் வட்டியில் இருந்தவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கைவசம் மூன்று மாதச் செலவும் குடும்பத்துக்கே திரும்பும் டிக்கெட் பணமும் இருக்கும் நாட்டின் கரன்சியிலேயே இருக்கட்டும். வேலை போனால் விசாவும் போகிற நமக்கு, அத்தனையையும் ஊருக்கு அனுப்பி நிலத்தில் போட்டுவிட்டு நிற்பது ஆபத்து.

வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். அம்மா அப்பாவிடம் பணவீக்கம் பற்றி வகுப்பெடுக்க முடியாது. நான் செய்தது, இங்கே என் சம்பளத்தில் வாடகை எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியது. முதலில் சங்கடமாக இருந்தது, எனக்கும் அவர்களுக்கும். பிறகு அப்பாவே, மருந்துச் செலவு தவிர மற்றது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும், அனுப்புகிற கட்டணமாவது மிஞ்சும் என்றார்.