கோணல் சதுரமும் இருபது வெள்ளி போர்வையும்

வணக்கம் அக்கா,

பாயான் பாரு பக்கம் ஃப்ளாட்ல இருக்கோம். மேல் வீடு கீழ் வீடு ஆன்ட்டிங்க எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கூடி நிட்டிங், க்ரோஷே சதுரம் போட்டு, அதை இணைச்சு போர்வையாக்கி டயாலிசிஸ் சென்டருக்கும் முதியோர் இல்லத்துக்கும் கொடுக்கலாம்னு ஆரம்பிச்சிருக்கோம். ஆனா ஒரு சதுரம் பெருசு, ஒண்ணு சிறுசு, இணைக்க உக்காந்தா தலைவலி. என் மகன் வேற "இந்த வெயில் ஊர்ல யாருக்கும்மா போர்வை, 20 வெள்ளிக்குக் கடையில கிடைக்குதே"ங்கறான். குரூப்ல ஒரு பாட்டிக்குக் கை நடுக்கம், அவங்க போடறது எப்பவும் கோணலாத்தான் வருது, சேர்க்கறதா வேணாமா? வழி சொல்லுங்க.

ஒரு பினாங்கு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

மகன் கேட்டதுக்கே முதல்ல வரேன். கணக்குல அவர் சொல்றது சரி, நூல் விலையே பல சமயம் கடைப் போர்வையைத் தாண்டிடும். 2017 நவம்பர்ல பினாங்குல வந்த மாதிரி வெள்ளம் வந்தா சதுரம் போட்டுட்டு இருக்காதீங்க, மெல்லிசு ஃப்ளீஸ் போர்வையா கடையில வாங்கி அன்னிக்கே அனுப்புங்க, நனைஞ்சாலும் சீக்கிரம் காயும். ஆனா வெயில் ஊர்ங்கறதெல்லாம் ஏர்கோன் இல்லாத இடத்துக்குத்தான். டயாலிசிஸ் பண்றவங்க பொதுவா வாரத்துக்கு மூணு தடவ, தடவைக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம் அசையாம உக்காரணும், ரத்தம் வெளிய போயி மெஷின்ல சுத்திட்டு வரும்போது உடம்புச் சூடு குறையலாம், மேல ஏர்கோன் காத்து வேற, அதனால வெளிய கொளுத்தற மத்தியானத்துலயும் உள்ள பல பேருக்கு நடுங்கும். அங்க மடி மேல மட்டும் போட்டுக்கற ஒரு மடிப் போர்வை நிஜமாவே தேவை.

மடிப் போர்வைன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஊசி குத்தியிருக்கற கை எப்பவும் வெளிய தெரியணும், ஊசி நழுவினா தாதிக்கு உடனே கண்ல படணும், போர்வை மூடியிருந்தா ரத்தம் போறது யாருக்கும் தெரியாமலே போயிடலாம். அதனால கழுத்து வரைக்கும் இழுக்கற பெரிய போர்வை அவங்களுக்கு வேண்டாம். 20 சென்டிமீட்டர் சதுரம், அஞ்சுக்கு அஞ்சு, மொத்தம் 25 போதும், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வந்துடும். போடறதுக்கு முன்னாடியே அங்க போயி கேட்டுடுங்க, என்ன அளவு, எப்படி துவைப்பாங்க, வெளியிலிருந்து வர்றதை வாங்குவாங்களான்னு. இல்லத்துலயும் அப்படியே கேளுங்க. யாராவது பச்சைப் பிள்ளைங்களுக்குக் கேட்டா ஒண்ணு ஞாபகம் வைங்க, ஒரு வயசு ஆகாத குழந்தை தூங்கற கட்டில்ல லூசா எந்தப் போர்வையும் போடக்கூடாது.

இப்ப சதுரத்துக்கு வரேன். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல நூல் கடை வச்சிருந்த ஈவி ரோசன்ங்கறவங்க 1991ல வார்ம் அப் அமெரிக்கான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, முழுப் போர்வை போட நேரமில்லாதவங்க 7க்கு 9 அங்குலத்துல ஒரு துண்டு மட்டும் போட்டுக் கொடுத்தாப் போதும், 49 சேர்ந்தா ஒரு போர்வை. தென்னாப்பிரிக்காவுக்கு உலகம் பூரா இருந்து சதுரம் அனுப்பற நிட்-அ-ஸ்குவேர்ல 8 அங்குலம், 35 சதுரம். ரெண்டுலயும் பாருங்க, அளவை முதல்லயே கட்டி வச்சுட்டாங்க. ஏன்னா சதுரம் போடறவங்களுக்கு ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும், இணைக்கற ஒருத்தர்தான் எல்லாரோட அவசரத்தையும் மடியில வச்சிக்கிட்டு ராத்திரி ராத்திரியா உக்காந்திருப்பாங்க. நாம போடற ஒவ்வொரு சதுரமும் முதல்ல போய்ச் சேர்றது நோயாளிக்கில்ல, அந்த அக்காவுக்குத்தான், அவங்களை நினைச்சுப் போடணும்னு நான் ரொம்பவே வற்புறுத்துவேன்.

அதனால எல்லாருக்கும் ஒரே தடிமன் அக்ரிலிக் நூல் வாங்கிக் கொடுங்க, கம்பளி வேண்டாம், சூடு தண்ணி மெஷின்ல சுருங்கிக் கெட்டியாயிடும். (அக்ரிலிக்ல அயர்ன் மட்டும் வைக்காதீங்க, துவண்டு போயிடும்.) சரியா 20 சென்டிமீட்டருக்கு அட்டை வெட்டி ஆளுக்கு ஒண்ணு கொடுங்க. நிட்டிங் போடறவங்க மூலைலேர்ந்து ஆரம்பிக்கட்டும், ரெண்டு தையல் போட்டு ஒவ்வொரு வரிசை ஆரம்பத்துலயும் ஒண்ணு கூட்டிக்கிட்டே போயி, ஓரத்தை அட்டையில வச்சா பக்கம் 20 வந்ததும் அதே மாதிரி வரிசைக்கு ஒண்ணா குறைச்சிக்கிட்டே வரணும். இறுக்கிப் போடற கையோ தளர்த்திப் போடற கையோ, எண்ணிக்கை மாறும், அளவு மாறாது. க்ரோஷேன்னா சுத்து சுத்தா போட்டு அட்டையைத் தொட்டதும் நிறுத்துங்க. யூடியூப்ல பாத்து போடறவங்ககிட்ட அது அமெரிக்க முறையான்னு கேட்டுக்கோங்க, அமெரிக்காவுல சிங்கிள்னு சொல்ற தையல் பிரிட்டிஷ் பேட்டர்ன்ல டபுள், பாதி குழப்பம் அங்கதான். முடிக்கறப்ப ஒரு முழம் நூல் விட்டு வெட்டினா இணைக்கறவங்க அதை வச்சே தைச்சுடுவாங்க. மத்த நுனியெல்லாம் முன்னும் பின்னுமா உள்ள கோத்துடணும், முடிச்சு கூடாது, வயசானவங்க தோல் மெல்லிசு, குத்தும்.

பாட்டியோடது கட்டாயம் சேரணும்மா. அவங்களுக்குத் தடிச்ச ஊசி, வெளிர் நிற நூல் கொடுங்க, மூலைலேர்ந்து போடற முறையைக் கத்துக் கொடுங்க. அப்பவும் கோணினா பிரிக்காதீங்க, நீங்க சுத்தி ஒரு வரிசை க்ரோஷே போடுங்க, குழிவா இருக்கற பக்கம் உயரமான தையல், மேடா இருக்கற பக்கம் குட்டையான தையல், அட்டைக்கு வந்துடும். ஒவ்வொரு பக்கத்துலயும் பக்கத்துச் சதுரத்தோட அதே எண்ணிக்கை வர்ற மாதிரி போட்டா இணைக்கறப்ப இழுக்காது. ஓரத்துல வைக்காம நடுவுல வைங்க, நாலு பக்கமும் பிடிச்சுக்கும். போர்வை முடிஞ்சதும் சென்டருக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு ஒரு தடவ எடுத்துட்டுப் போங்க, தன்னோடது எதுன்னு அவங்களே தேடிப் பாக்கட்டும்.