டி4இல் குதிரை, ஆனாலும் டிரா

சதுரங்கப் பலகையில் குதிரையை டி4 கட்டத்திலிருந்து எடுத்துவிட்டு அங்கே யானையை வையுங்கள் தம்பி. பக்கத்து நேர்வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாத எதிராளியின் டி5 தனிச் சிப்பாயை, முன்னால் குதிரையை நிறுத்தி அடைத்தும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஜார்ஜ் டவுன் போட்டியில் டிரா கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடைத்தது சரிதான். ஆனால் டி ஃபைலை, அதாவது டி நேர்வரிசையை, உங்கள் குதிரையே மறைத்து நின்றால் அந்தச் சிப்பாயை யார் தாக்குவது?

குதிரைகளையும் மந்திரிகளையும் மாற்றிக் குறையுங்கள். அப்புறம் டி4 யானைக்குப் பின்னால் இன்னொரு யானை, ராணி. கடைசியில்தான் உங்கள் சிப்பாயை ஈ4க்குத் தள்ளி டி5ஐத் தாக்குவது. 1981இல் இத்தாலியின் மெரானோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், கோர்ச்னோய்க்கு எதிரான 9ஆம் ஆட்டத்தில் கார்ப்போவ் கருப்புக் காய்களோடு, அதாவது பலகையின் எதிர்ப்பக்கத்திலிருந்து, இதைத்தான் செய்தார். எடுத்துப் போட்டுப் பாருங்கள், அழகான ஆட்டம்.

ஈ4 தள்ளுமுன் ஒன்று எண்ணுங்கள்: அவர் சிப்பாயால் வெட்டினால் டி ஃபைலில் பின்னால் நிற்கும் காய் உங்களுக்கு விழுகிறதா? விழாவிட்டால் பொறுங்கள்.

யானைகளை மட்டும் அவசரமாக மாற்றிவிடாதீர்கள். அவை போனால் டி5ஐ அவர் ராஜாவே வந்து காத்துக்கொள்வார்.