வேலை இல்லாத மாதங்களில் மாத்திரையும் நின்றுபோகிறதா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். அப்பாவுக்கு 54 வயது, விவசாயக் கூலி. ஆள் ஒல்லிதான், ஆனாலும் நாலு வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கின்றன. மாத்திரையை விட்டுவிட்டுத்தான் போடுகிறார். தாத்தாவும் பெரியப்பாவும் அறுபதைத் தொடாமலே போய்விட்டார்கள். அப்பா வேலைக்குப் போகும் பண்ணை வீட்டுப் பெரியவருக்கும் இதே சர்க்கரைதான், எண்பது தாண்டி நடமாடுகிறார். எங்கள் பரம்பரை அப்படியா? அப்பாவுக்கு என்ன செய்யலாம்?

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வருமானத்தின் பங்குதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், எல்லாருக்கும் இலவச அரசு மருத்துவம் இருந்தது. அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிக்குத்தான் காரணம் கிடைத்தது. நிரந்தரச் சம்பளம் வாங்குகிறவர்களிடமே இப்படி என்றால், மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்திருக்கும் கூலி வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒல்லியான ஆளுக்குச் சர்க்கரை வருவதிலும் வறுமைக்குத் தொடர்பு இருக்கலாம். தாய் சரியான சாப்பாடு இல்லாமல் சுமந்து, எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குத் தசை குறைவாக இருக்கும். இப்படிப் பிறந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். உங்கள் பாட்டி பட்ட பசிக்கு அப்பா இப்போது மாத்திரை போடுகிறார் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம், அப்பா மாத்திரையை விடுவதை அலட்சியம் என்று திட்டாதீர்கள். எந்த மாதங்களில் விடுகிறார் என்று கவனியுங்கள். சம்பா, தாளடி அறுவடை முடிந்து குறுவை தொடங்கும்வரை கையில் காசு இருக்காது. முன்பு அறுப்பில் கிடைத்த கூலியில் பெரும்பகுதி இப்போது அறுவடை இயந்திரத்துக்குப் போய்விட்டது. அந்த நாட்களில் குழுக் கடன் தவணையைத் தள்ளிப்போட முடியாது, மாத்திரையைத் தள்ளிப்போடலாம். நடவு நேரத்தில் வேறு சிக்கல்: ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பெரியவருக்கு இந்த இரண்டு கஷ்டமும் இல்லை.

ஆகவே முதல் வேலை, மருந்து காசில்லாமல் வீட்டுக்கே வரும்படி செய்வது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டில் கொடுக்கிறார்கள். துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று, மாத்திரை போட்டால் மயக்கம் வருகிறது என்று அப்பா எப்போதாவது சொன்னாரா? டீயை மட்டும் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டு வயலில் இறங்கினால், சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரும். அதற்குப் பயந்தே பலர் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் "இவர் காலையில் சாப்பிடுவதில்லை, பத்து மணிக்குத்தான் சாப்பாடு" என்று சொல்லுங்கள்; மாத்திரையையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். நீங்களாக மாற்ற வேண்டாம். அப்படி நடுக்கம் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள, இடுப்பு மடிப்பில் கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும்.

மேல்வலிக்கு மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைகளைக் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைக்கும் உடம்பில், அதுவும் சர்க்கரையும் பிரஷரும் உள்ளபோது, அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். டயாலிசிஸ் வரை போன குடும்பத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கூலி போகிறது, கூட வருகிறவரின் கூலியும் சேர்ந்து. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் (ரத்தத்தில் பார்ப்பது), சிறுநீரில் புரதம் ஆகிய பரிசோதனைகளை அரசு மருத்துவமனையில் வருடம் ஒருமுறையாவது செய்யுங்கள்.

சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் வேலை இது. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. தினமும் சாயங்காலம் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை யாராவது பார்க்க வேண்டும். புண் இருந்தால் சேற்றில் இறங்கவே கூடாது. அந்த நாட்களின் கூலியை எப்படி ஈடுகட்டுவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவைப்பதும் வைத்தியம்தான்.

சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து ரேஷன் துவரம்பருப்பு, முட்டை, கீரை என்று கூட்டுங்கள். கருவாடும் ஊறுகாயும் பிரஷருக்கு ஆகாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இல்லாவிட்டால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு இப்போதே விண்ணப்பியுங்கள். நோய் முற்றிய பிறகு நகையை அடகு வைத்துக்கொண்டே அட்டைக்கு அலைவது கொடுமை. நெஞ்சு வலி என்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி தாமதமானால் அருகிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

உங்கள் வயதைச் சொல்லவில்லை. 30 தாண்டியிருந்தால், ஒல்லியாக இருந்தாலும், அப்பாவோடு போகும்போது நீங்களும் சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு இல்லை.